டர்போ மாட்டலாமா, டீச்சர்?



கொஞ்சம் நீளமான பதிவு. முதல் நாலு வரியோடு நிறுத்திவிட்டு "அருமை டீச்சர்" என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை முழுக்கப் படியுங்கள், ஏனென்றால் இதே கேள்வியை இந்த வருஷம் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

கேள்வி இதுதான். கம்பெனியில் டர்போ இல்லாமல் வந்த சாதாரண பெட்ரோல் காருக்கு, வெளியில் டர்போ கிட் வாங்கி மாட்டினால், எதுவரைக்கும் இன்ஜின் தாங்கும்? ஒரு நம்பர் சொல்லுங்கள் என்கிறீர்கள்.

கடைசியாகக் கேட்டவன் 2003-ல் எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு. பெயர் வேண்டாம், கூடப் படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஊட்டியில் பேக்கரி வைத்திருக்கிறான். 1.2 லிட்டர் கார், ஒன்பது வருஷம் ஆகிவிட்டது, 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரம் மூன்று நாள் மேட்டுப்பாளையம் இறங்கி, மைதாவும் டால்டாவும் ஏற்றிக்கொண்டு மலை ஏற வேண்டும். மாதம் இரண்டு தடவை அம்மாவைக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறான். "மேலே வந்தா வண்டி இழுக்கவே மாட்டேங்குதுங்க டீச்சர்" என்கிறான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் 'எட்டு பிஎஸ்ஐ டர்போ, 1,80,000 ரூபாய், 140 எச்பி கியாரண்டி' என்று சொல்லியிருக்கிறார்கள். சீட்டுப் பணத்தை எடுத்துப் பாதி சேர்த்தும் வைத்துவிட்டான்.

என்னிடம் ஏன் கேட்டான் என்றால், என் தம்பி கோவையில் முப்பது வருஷமாக லேத் பட்டறை வைத்து இன்ஜின் போரிங் செய்கிறான். பாடத்துக்கு வேண்டிய சாமான்களை அவனிடம்தான் வாங்கி வருவேன். என் மேஜையில் நடுவில் ஓட்டை விழுந்த ஒரு பிஸ்டன் இருக்குமே, சாக்பீஸ் போட்டு வைப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்பதுதான் இன்றைக்குப் பாடம்.

முதலில் ஒன்று. பெட்ரோல் இன்ஜினுக்குச் சக்தி பெட்ரோலால் மட்டும் வருவதில்லை, காற்றால் வருகிறது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம், காற்றுக்குத்தான் பஞ்சம். பிஸ்டன் கீழே இறங்கும்போது இழுக்கிற காற்று அவ்வளவுதான். சைலன்சருக்குப் போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்ற வைத்து, அதோடு கோர்த்த இன்னொரு காற்றாடியால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது டர்போ. இதையே பெல்ட் போட்டு இன்ஜினாலேயே சுற்ற வைத்தால் சூப்பர்சார்ஜர்.

எவ்வளவு அமுக்குகிறோம் என்பதற்குத்தான் பிஎஸ்ஐ. டயருக்கு 32 போடச் சொல்வோமே, அதே அளவு. நம்மைச் சுற்றியிருக்கிற காற்றே கடல் மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருக்கிறது. அதற்கு மேல் எட்டு தள்ளினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. அவன் காருக்குக் கம்பெனிக் கணக்கு சுமார் 85 எச்பி. ஒன்றரையால் பெருக்குங்கள், 130-ஐ ஒட்டி வரும். அமுக்கின காற்று சூடாகி இலேசாவதால் அதிலும் கொஞ்சம் கழியும். அப்புறம் 140 எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே அந்தக் கியாரண்டி நிற்கவில்லை.

ஆனால் என் கவலை அந்தப் பத்து எச்பி இல்லை, சூடு. சைக்கிளுக்குக் காற்றடித்த பிறகு பம்ப்பின் அடியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். 30 டிகிரியில் உள்ளே போகிற காற்றை ஆறு பிஎஸ்ஐ அமுக்கினால், சாதாரண டர்போவில் சுமார் 75 டிகிரியில் வெளியே வரும். பத்து பிஎஸ்ஐ என்றால் 100 டிகிரியைத் தொடும். இன்டர்கூலர் என்று முன்னால் ஒரு ரேடியேட்டர் மாதிரி வைத்து இந்தச் சூட்டைக் குறைக்கிறார்கள். அது இல்லாத கிட்டை யாராவது காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தச் சூடான காற்றை பிஸ்டன் மறுபடியும் பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. டர்போ இல்லாத இன்றைய இன்ஜின்களில் கம்ப்ரஷன் 10-க்கு 1, 11-க்கு 1 என்று வைத்திருக்கிறார்கள், மைலேஜுக்காக. ஏற்கெனவே சூடு, அதன்மேல் இந்த நசுக்கல். அப்போது ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்கு முன்பே, மூலையில் இருக்கிற பெட்ரோல் காற்றுக் கலவை தானாக வெடித்துவிடும். இதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினது மாதிரி டிங் டிங் என்று கேட்கும். நம் பங்க்கில் கிடைக்கிற சாதாரண பெட்ரோல் இந்த விஷயத்தில் ரொம்பப் பொறுமைசாலி இல்லை.

என் மேஜை மேல் இருந்த பிஸ்டன் அப்படிப் போனதுதான். ஒரு வெடியில் ஓட்டை விழுவதில்லை. ஒவ்வொரு இடியும் பிஸ்டன் தலையைப் பாதுகாக்கிற மெல்லிய வாயுப் படலத்தைக் கலைக்கிறது. அலுமினியம் நேராகச் சூட்டைக் குடிக்கிறது, இளகுகிறது, கடைசியில் உருகுகிறது. சில சமயம் ஒரே ஏற்றத்தில் முடிந்துவிடும்.

"கான்ராடு வளையும்னு பசங்க சொல்றாங்களே?" என்று கேட்டான். வளையும். ஆனால் எச்பி கணக்கில் அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் கான்ராடை நசுக்குவது டார்க். சக்தி என்பது டார்க்கும் சுற்று வேகமும் பெருக்கின தொகை. 120 எச்பி-யை 6,000 சுற்றில் எடுத்தால் அப்போதைய டார்க் சுமார் 142 நியூட்டன் மீட்டர். அதே 120-ஐ 4,000 சுற்றிலேயே கொடுக்கிற மாதிரி டர்போ வைத்தால் 213. பேப்பரில் இரண்டும் 120 தான், கான்ராடுக்கு ஒன்றரை மடங்கு வித்தியாசம். அதனால் 'இந்த இன்ஜின் 150 எச்பி தாங்கும்' என்று யாராவது சொன்னால் எத்தனை சுற்றில் என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் அவர் வேறு யாரோ சொன்னதைச் சொல்கிறார்.

தம்பி இன்னொன்று காட்டினான், அது எனக்கே புதிது. பிஸ்டன் ரிங் முழு வட்டம் இல்லை, இரண்டு முனைக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் போல ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். சூட்டில் ரிங் விரியும்போது அந்த இடைவெளிக்குள் விரியும். அந்த அளவு கம்பெனி இன்ஜினின் சூட்டுக்குத் தகுந்த அளவு. டர்போ போட்டுச் சூடு கூடினால் இரண்டு முனையும் முட்டிக்கொள்ளும். அதற்கு மேல் விரிய இடமில்லாத ரிங், பிஸ்டனின் விளிம்பையே பிய்த்து எடுத்துவிடும். டர்போவுக்கென்று இன்ஜின் கட்டுகிறவர்கள் இந்த இடைவெளியைக் கூடுதலாக வைப்பார்கள். இன்ஜினைத் திறக்காமல் இதை மாற்ற வழியே இல்லை.

பெட்ரோல் பக்கமும் இப்படித்தான். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், அதுவும் அமுக்கிய நேரத்தில் வழக்கத்தைவிடத் தாராளமாக, 12-க்கு 1 போல. பழைய இன்ஜெக்டரில் கைவசம் இருப்பது கொஞ்சம்தான். காரின் கம்ப்யூட்டருக்குக் காற்றழுத்தம் சொல்கிற சென்சார் வெளிக்காற்றின் அழுத்தம் வரைதான் படிக்கும், அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் அது வாயைத் திறக்காது. புது சென்சார், பெரிய இன்ஜெக்டர், அதற்கேற்ற ட்யூனிங் மூன்றும் சேராத கிட்டில் டர்போதான் விலை மலிவான பாகமாக இருக்கும்.

இப்போது ஒரு பழைய கதை. 1962-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரே வருஷத்தில் இரண்டு டர்போ கார்களை விற்றது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் 3.5 லிட்டர் வி8 இன்ஜின், கம்ப்ரஷனைக் குறைக்காமல் 10.25-லேயே வைத்தார்கள். டர்போ அழுத்தம் வெறும் ஐந்து பிஎஸ்ஐ. அதற்கே நாக்கிங் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? பாதி தண்ணீர், பாதி மெத்தனால் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவில் வைத்து, காற்றோடு பீய்ச்சிக் குளிரவைத்தார்கள். டப்பா காலியானால் டர்போ வேலை செய்யாதபடி ஒரு ஏற்பாடும் உண்டு. மக்கள் திரவம் ஊற்ற மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று புகார் சொன்னார்கள். இரண்டே வருஷத்தில் பத்தாயிரத்துக்கும் குறைவாக விற்று நின்றுபோனது, பிறகு பல வண்டிகளில் டர்போவைக் கழற்றிவிட்டு கார்புரேட்டர் மாட்டினார்கள். அதே வருஷம் வந்த செவர்லே கார்வேர் ஸ்பைடரில் கம்ப்ரஷனை 8-க்கு இறக்கிவிட்டு டர்போ வைத்தார்கள். 150 எச்பி. தண்ணீர் டப்பா ஒன்றும் இல்லை. கார்வேரில் டர்போ 1966 வரை வந்தது.

கம்பெனியே கம்ப்ரஷனைக் குறைக்காமல் ஐந்துக்கு இந்தப் பாடுபட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் நாக்கிங்கைக் காது கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும், இன்றைக்கு சென்சார் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் அலுமினியம் அதே அலுமினியம்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. டாடா டியாகோவில் வருவது 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 85 எச்பி. 2018-ல் அதில் வேகமான ஒரு மாடல் வேண்டும் என்று கோவை ஜெயம் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து டியாகோ ஜேடிபி என்று விட்டார்கள், 114 எச்பி. பந்தயக் கார் கட்டிப் பழகின கை. அவர்களே டியாகோ இன்ஜின் மேல் டர்போவை மாட்டவில்லை. நெக்ஸானுக்கென்று டர்போவோடு பிறந்த 1.2 லிட்டர் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்தார்கள். எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

யூடியூப்பில் டொயோட்டா சூப்ராவின் 2ஜேஇசட் இன்ஜினை உள்ளே தொடாமலே இரு மடங்குக்கு மேல் ஏற்றுகிறார்களே என்று ஒரு தம்பி லிங்க் அனுப்பினார். கண்ணு, அது டர்போவோடு பிறந்த இன்ஜின். இரும்பு பிளாக், கம்ப்ரஷன் 8.5, பிஸ்டன் அடியில் ஆயில் பீய்ச்சிக் குளிரவைக்கிற ஏற்பாடு எல்லாம் கம்பெனியே கொடுத்தது. அதைப் பார்த்து நம் காருக்குக் கணக்குப் போடுவது, பக்கத்து வீட்டுப் பையன் மார்க்கைப் பார்த்து நம் பையனுக்கு காலேஜ் சீட் கேட்கிற மாதிரி.

சரி, நம்பர். ஆரோக்கியமான, டர்போ இல்லாமல் வந்த பெட்ரோல் இன்ஜினைத் திறக்காமல், இன்டர்கூலரும் சரியான ட்யூனிங்கும் வைத்தால், ஐந்து முதல் ஏழு பிஎஸ்ஐ வரை, கம்பெனி சக்திக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு என்பதுதான் இந்த வேலை செய்கிறவர்கள் பொதுவாகச் சொல்வது. கம்ப்ரஷன் 11 பக்கம் போகிற இன்ஜினுக்கு அந்த ஐந்தே அதிகம் என்று தம்பி சொல்கிறான். கிளட்ச்சும் கியர்பாக்ஸும் தனிக்கணக்கு.

ஆனால் ஊட்டிக்காரனுக்கு இந்த நம்பர் அப்படியே பொருந்தாது. இதைத்தான் ஒர்க்‌ஷாப்பில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் 14.7 இல்லை, சுமார் 11.2. கால்வாசி போய்விட்டது, அதனால்தான் வண்டி இழுக்கவில்லை. இது புதுப் பிரச்சினையும் இல்லை. விமானங்களுக்காக 1918-ல் சான்ஃபோர்ட் மாஸ் என்ற பொறியாளர் ஒரு லிபர்ட்டி இன்ஜினை அமெரிக்காவில் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கு, 14,000 அடிக்கு மேல், லாரியில் ஏற்றிக்கொண்டு போனார். கீழே 350 எச்பி கொடுத்த இன்ஜின் மேலே 230 தான் கொடுத்தது. டர்போ வைத்ததும் 356. அவர் புதுசாக ஒன்றும் சேர்க்கவில்லை, மலை பிடுங்கிக்கொண்டதை வாங்கிக் கொடுத்தார். இன்ஜினுக்கு அதில் கூடுதல் பாரமும் கிட்டத்தட்ட இல்லை.

அந்தக் கணக்கில் ஊட்டியில் மூன்றரை பிஎஸ்ஐ தள்ளினாலே கடற்கரையில் ஓடுகிற மாதிரி ஓடும். ஆறு தள்ளினால் 11.2-உம் ஆறும் 17.2, கடல் மட்டத்தைவிட 17 சதவீதம்தான் அதிகம். சுகமாக இருக்கும். ஒரு சத்தமும் வராது. அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்குங்க" என்பான்.

பிறகு மேட்டுப்பாளையம் இறங்குவான். டர்போ அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வேஸ்ட்கேட் ஸ்பிரிங்குக்கு ஊட்டியும் தெரியாது, மேட்டுப்பாளையமும் தெரியாது. சுற்றியிருக்கிற காற்றுக்கு மேல் ஆறு, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கீழே காற்று 14.1. அதோடு ஆறு சேர்ந்தால் 20.1, அதாவது கடல் மட்டத்தைவிட 37 சதவீதம் அதிகம். ஸ்பிரிங் அதே, இன்ஜின் மேல் பாரம் வேறு. இதில் சித்திரை வெயில், பின்னால் ஐந்து மூட்டை மைதா, கல்லாறு தாண்டியதும் முதல் கொண்டை ஊசி வளைவு, இரண்டாவது கியர், குறைந்த சுற்று, கால் முழுக்க அழுத்தம். நாக்கிங்குக்குப் பத்துப் பொருத்தமும் பொருந்துகிற இடம் அதுதான். குன்னூர் வரை பதினாலு வளைவு, மூச்சு விட நேரம் கிடையாது. ஒர்க்‌ஷாப்பில் டைனோ மேல் வைத்துப் பத்து விநாடி முறுக்கி எடுக்கிற நம்பருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆக அவனுக்கு நான் எழுதினது: மலைக்கு வேண்டியது மூன்றரை, நாலு. கீழேயும் அதே நாலுதான் இருக்கும், அது இன்ஜினுக்குத் தாங்கும். எட்டு என்ற பேச்சை விடு. நாலு பிஎஸ்ஐக்கு 1,80,000 ரூபாயா என்று நீயே யோசி. அதே பணத்தோடு இந்த வண்டியை விற்ற காசையும் சேர்த்தால், கம்பெனியிலேயே டர்போவோடு வந்த பழைய வண்டி ஒன்று கிடைக்கலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் மாட்டிவிட்டு, பிறகு விபத்து என்று போய் நின்றால் அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி அது.

கோபித்துக்கொண்டான் போல, நாலு நாள் பேச்சில்லை. பிறகு தம்பி பட்டறைக்குப் போய் நின்றிருக்கிறான். தம்பி டர்போ பேச்சே எடுக்காமல் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் போட்டிருக்கிறான். பிளக்கைக் கழற்றி கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டராகப் பார்ப்பது, அரை மணி நேர வேலை. மூன்று சிலிண்டர் 180-ஐ ஒட்டிக் காட்டியது. மூன்றாவது சிலிண்டர் மட்டும் 140. ஏர் ஃபில்டர் வேறு மாவு படிந்து அடைத்துக் கிடந்ததாம். பேக்கரி வண்டி அல்லவா.

அந்த 140-க்குக் காரணம் வால்வா ரிங்கா என்று தெரியாமல் அடுத்த பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஹெட்டைக் கழற்றுகிறார்கள். சீட்டுப் பணத்தில் அதற்குப் பன்னிரண்டாயிரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். கழற்றியதும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், வந்தால் கீழே கமெண்டில் போடுகிறேன். மற்ற இரண்டு பேரும் உங்கள் வண்டியின் கம்ப்ரஷன் டெஸ்ட் ரீடிங்கோடு வாருங்கள், அதற்குப் பிறகு பிஎஸ்ஐ பேசலாம்.